மூன்று மாதக் குழந்தையின் அசைவைப் பார்த்து கம்ப்யூட்டர் என்ன சொல்ல முடியும்?

கேள்வி கேட்டவர் ஒரு தாய். மகன் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டான், எடை 1 கிலோ 250 கிராம். ஐந்து வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். தலை ஸ்கேனில் மூளைக்குள் லேசான ரத்தக்கசிவு தெரிந்ததாம். இப்போது பிறந்து 13 வாரம். “மூன்று மாதத்தில் குழந்தை மல்லாந்து படுத்திருப்பதை ஒரு வீடியோ எடுத்துக் கொண்டு வாருங்கள்” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் அந்த வீடியோவைக் கம்ப்யூட்டரே பார்த்து மூளையில் பாதிப்பு உண்டா என்று சொல்லிவிடுகிறதாமே, அதை நம்பலாமா, வீட்டிலேயே போட்டுப் பார்க்க ஆப் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்.

அம்மா, அந்த வீடியோவை இன்றைக்கு எடுக்க வேண்டாம். இன்னும் 9 வாரம் இருக்கிறது. கம்ப்யூட்டரை நம்பலாமா என்பதைவிட உங்களுக்கு இதுதான் அவசரம். அதனால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் பையன் 40 வாரத்தில் பிறந்திருக்க வேண்டியவன். 30-லேயே வந்துவிட்டான். 10 வாரம் முந்திவிட்டான். 13-ல் 10 போனால் 3. அவன் மூளைக்கு இன்றைய வயது 3 வாரம். இதைத்தான் ‘கரெக்டட் ஏஜ்’, திருத்திய வயது என்கிறோம். கர்ப்பமாக இருந்தபோது ஆஸ்பத்திரி அட்டையில் பிரசவத் தேதி என்று ஒன்று குறித்துக் கொடுத்தார்களே, அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள். டாக்டர் சொன்ன மூன்று மாதம் அந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் பிறந்த நாளிலிருந்து ஐந்து மாதம் தாண்டியிருக்கும். ஒரு போன் போட்டு “திருத்திய வயதில் மூன்று மாதமா?” என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று வாரத்துக் குழந்தையின் அசைவையும் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், அதற்கும் அர்த்தம் உண்டு. ஆனால் அது வேறு அசைவு, வேறு கணக்கு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் குழந்தைகளுக்கான ஃபிசியோதெரபிஸ்ட். குறைமாதத்தில் பிறந்து வீடு திரும்பும் குழந்தைகளைத் தொடர்ந்து பார்ப்பதுதான் 14 வருடமாக என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி ஒரு பேப்பரோடு வந்தார்கள். ‘இந்த வயதில் இருக்க வேண்டிய அசைவுகள் காணப்படவில்லை’ என்று அதில் இருந்தது. வெளியில் எங்கோ வீடியோவைக் கொடுத்து வாங்கிய ரிப்போர்ட். அந்த அம்மாவுக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை, பாலும் குறைந்துவிட்டது என்று கணவர் சொன்னார். டிஸ்சார்ஜ் அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தேன். குழந்தை பிறந்தது 28 வாரத்தில். வீடியோ எடுத்தது பிறந்து 14 வாரத்தில். அப்படியென்றால் திருத்திய வயது வெறும் 2 வாரம்! அந்த அசைவு அப்போது வந்திருக்கவே வந்திருக்காது. முளைக்காத பல்லைக் காணோம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. திருத்திய வயது 13 வாரம் ஆனபோது திரும்ப எடுத்தோம். அசைவு அழகாக இருந்தது. வயது என்ற கட்டத்தில் யாரோ தப்பான எண்ணைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது. கம்ப்யூட்டரும் அப்படியே. நாம் கொடுக்கிற தேதியை அது கேள்வி கேட்காது.

சரி, அந்த அசைவு என்ன என்பதற்கு வருகிறேன்.

என்னிடம் ஒரு 13 வாரக் குழந்தையின் வீடியோ இருக்கிறது. புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். நீலத் துணியில் குழந்தை மல்லாந்து கிடக்கிறது. முதல் பார்வைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். உற்றுப் பார்த்தால் இடது மணிக்கட்டு சற்றே சுழல்கிறது. அது முடிவதற்குள் வலது கணுக்கால். கழுத்து ஒரு நூலளவு திரும்புகிறது. ஒரு தோள் ஏறி இறங்குகிறது, இடுப்பு லேசாகப் புரள்கிறது, பெருவிரல் பிரிகிறது. எல்லாம் சின்னச் சின்ன அசைவு, வேகமும் மிதம்தான். ஆனால் அடுத்தது எந்த மூட்டில், எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. தூறல் ஆரம்பிக்கும்போது குளத்துத் தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி விழுமே, உடம்பு முழுக்க அது மாதிரி. இதற்கு ‘ஃபிட்ஜெட்டி மூவ்மென்ட்ஸ்’ என்று பெயர். நான் துறுதுறு அசைவு என்று சொல்வேன், அம்மாக்களுக்கு உடனே புரிகிறது. பிரசவத் தேதிக்குப் பிறகு சுமார் 9 வாரத்தில் தொடங்கி 20 வாரம் வரை இருக்கும். அதற்கு முன் உடம்பை முறுக்கி நெளிகிற மாதிரி வேறு அசைவு. அதற்குப் பின் குழந்தை வேண்டுமென்றே கை நீட்டிப் பிடிக்கத் தொடங்கிவிடும், துறுதுறு அசைவு அதில் கரைந்துபோகும். ஆக, பார்ப்பதற்கு நமக்குக் கிடைப்பது இரண்டரை மாதம்தான். 12-லிருந்து 14 வாரம் நல்ல நேரம்.

இந்த அசைவுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஹைன்ஸ் பிரெக்டல். ஆஸ்திரியாவில் பிறந்த மருத்துவர், நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் பல காலம் வேலை பார்த்தவர். அதுவரை குழந்தையின் நரம்பு மண்டலத்தைச் சோதிப்பது என்றால் சுத்தியலால் தட்டுவது, கையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது, தலையைச் சற்றே விட்டுப் பிடிப்பது என்று நாம் ஏதாவது செய்து அதற்குக் குழந்தை என்ன பதில் தருகிறது என்று பார்ப்பதுதான். பிரெக்டல் குழந்தையைத் தொடவே வேண்டாம் என்றார். அல்ட்ராசவுண்ட் வந்த காலத்தில் அவரும் அவருடன் இருந்தவர்களும் வயிற்றுக்குள் இருக்கும் சிசுவை மணிக்கணக்கில் பார்த்தார்கள். 9, 10 வாரத்துக் கருவே யாரும் தூண்டாமல் தானாக முழு உடம்பையும் அசைக்கிறது. பிறந்த பிறகும் அது தொடர்கிறது. அசைவைப் பிறப்பிப்பது தண்டுவடத்தையும் மூளைத்தண்டையும் சேர்ந்த நரம்பு வலைப்பின்னல். அதை மேலிருந்து மென்மையாக்கி, விதவிதமாக மாற்றிக் கொடுப்பது வளரும் பெருமூளை. மேலிருந்து வரும் பாதை அடிபட்டிருந்தால் அந்த விதவிதம் போய்விடும். கை கால் அசையும், உதைக்கும், ஆனால் ஒரே மாதிரி அசையும். அளவை விடத் தன்மைதான் முக்கியம் என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். ‘என் பிள்ளை நன்றாக உதைக்கிறானே’ என்று பல அம்மாக்கள் கேட்பார்கள். உதைப்பது வேறு, இந்தத் துறுதுறுப்பு வேறு.

1997-ல் பிரெக்டலும் இத்தாலி, ஆஸ்திரியா உள்ளிட்ட நாடுகளின் ஆய்வாளர்களும் சேர்ந்து லான்செட் என்ற மருத்துவ இதழில் 130 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். துறுதுறு அசைவு சரியாக இருந்தவர்கள் 70 பேர். அதில் 67 பேர் பின்னால் நரம்புக் கோளாறு இல்லாமல் வளர்ந்தார்கள். அந்த அசைவு இல்லாத, அல்லது இயல்பு மாறியிருந்த 60 பேரில் 57 பேருக்குப் பிற்பாடு பாதிப்பு தெரிந்தது. அவர்களில் 49 பேருக்கு மூளை முடக்குவாதம், அதாவது மூளைப் பாதிப்பால் உடம்பை அசைப்பது கடினமாவது. நாங்கள் சி.பி. என்று சொல்வோம். அதுவரை சி.பி. என்று உறுதியாகச் சொல்ல ஒரு வயது, இரண்டு வயதுவரை காத்திருப்பார்கள். ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்’ என்று பாட்டி சொல்வார், ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று டாக்டரும் சொல்வார், மூளை எளிதில் வளைந்து கொடுக்கும் காலம் போய்விடும். மூன்று மாதத்தில் தெரிந்துகொள்ள முடிவது அதனால்தான் பெரிய விஷயம்.

ஆனால் இதைப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும், எடுத்த பிறகும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க வீடியோ பார்த்தால் மாலையில் கண் ஏமாற்றும். எனக்கே நடந்திருக்கிறது. அதனால் சந்தேகமான வீடியோவை மறுநாள் காலையில் திரும்பப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். பயிற்சி பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. கம்ப்யூட்டர் உள்ளே வந்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

அது எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் எங்கே தவறும் என்பதும் புரியும். நார்வேயில் ட்ரோண்ட்ஹெய்ம் நகரில் லார்ஸ் அடே என்ற ஃபிசியோதெரபிஸ்டும் அவர் குழுவும் 2009-ல் வெளியிட்ட முறை எளிமையானது. வீடியோ என்பது நொடிக்குப் பல படங்கள். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எந்தெந்தப் புள்ளி மாறியிருக்கிறதோ அதை மட்டும் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அசைவு எவ்வளவு, அசைந்த புள்ளிகளின் மையம் எங்கே, அந்த மையம் எவ்வளவு அலைகிறது என்று கணக்குப் போடும். உடம்பு முழுக்கச் சின்ன அசைவுகள் பரவியிருந்தால் மையம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். ஒரு கால் மட்டும் படபடவென்று உதைத்தால் மையம் அந்தப் பக்கம் தாவும். யோசனை அழகாக இருக்கிறது. ஆனால் இந்த முறைக்குக் கை எது, கால் எது என்று தெரியாது. ஓரத்தில் அம்மாவின் புடவைத் தலைப்பு ஆடினாலும், ஃபேன் காற்றில் போர்வை நுனி படபடத்தாலும் அதுவும் அசைவுதான்.

அடுத்து வந்தது உடம்பை அடையாளம் காணும் முறை. ஒவ்வொரு படத்திலும் மூக்கு, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் புள்ளி வைத்துக்கொண்டே போகும். வீடியோ போய் ஒரு குச்சி பொம்மை ஆடுவது மட்டும் மிஞ்சும். பெரியவர்களின் உடம்பில் பழக்கிய மென்பொருளை இதற்கு அப்படியே எடுத்துப் போட முடியாது. குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து தெரியாது, கால் மடங்கியே இருக்கும், ஒரு காலை இன்னொரு கால் மறைக்கும். அதனால் குழந்தைகளின் படத்தில் மனிதர்கள் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக் கொடுத்துத் தனியாகப் பழக்கினார்கள். பிறகு அந்தக் குச்சி பொம்மையின் ஆட்டத்தையும், அந்தக் குழந்தைக்குப் பின்னால் சி.பி. வந்ததா இல்லையா என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள தொடர்பை அது தானாகப் பிடித்துக்கொள்ளும். கேமரா இல்லாமல் செய்கிறவர்களும் உண்டு. ஃபின்லாந்தில் ஹெல்சிங்கியில் நான்கு அசைவு உணரிகள் தைத்த குழந்தைச் சட்டை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். அது இதைவிடப் பெரிய, புரண்டு தவழும் வயதுக் குழந்தைகளுக்கு.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி, நம்பலாமா? அதே நார்வே குழுவினர் 2022-ல் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். பெல்ஜியம், இந்தியா, நார்வே, அமெரிக்கா என்று 4 நாடுகளில் 13 மருத்துவமனைகள், 557 குழந்தைகள். எல்லாரும் ஏற்கெனவே ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்டவர்கள், உங்கள் மகனைப் போல. 84 பேருக்குப் பின்னால் சி.பி. உறுதியானது. முக்கால்வாசி வீடியோக்களை வைத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கி, மீதி 139 வீடியோக்களை அதற்குக் காட்டாமல் வைத்திருந்து கடைசியில் சோதித்தார்கள். 139-ல் சி.பி. இருந்தவர்கள் 21 பேர். அவர்களில் 15 பேரைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது, 6 பேரைத் தவறவிட்டது. சி.பி. இல்லாத 118 பேரில் 111 பேரைச் சரியாகச் சொன்னது, 7 பேரை வீணாகப் பயமுறுத்தியது.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘ஆபத்து’ என்று அது சொன்ன 22 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கு உண்மையிலேயே சி.பி. இருந்தது. ‘பரவாயில்லை’ என்று சொன்ன 117 பேரில் 6 பேருக்கு இருந்தது. இயந்திரத்துக்கு இது நல்ல மார்க். பழைய மென்பொருளைவிட நிறையவே மேல். ஆனால் பயிற்சி பெற்ற மனிதர்களின் கண்ணைவிடத் தெளிவாக மேல் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. மூன்றில் ஒன்று தப்பாகிற ‘ஆபத்து’ என்ற சொல்லை வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்துவிடக் கூடாது. ஆறு பேரைத் தவறவிட்ட ‘பரவாயில்லை’யை நம்பி ஃபாலோ-அப் போவதையும் நிறுத்தக் கூடாது. இந்த இரண்டையும் செய்துவிட்டு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இதில் இந்தியக் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்த நார்வே குழுவோடு பல வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். மிகக் குறைந்த எடையில் பிறந்த நம் குழந்தைகளின் அசைவுக்கும் ஒரு வயதில் அவர்களுடைய வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று 2016-லேயே எழுதியிருக்கிறார்கள். இது ஏன் முக்கியம் என்றால், கம்ப்யூட்டர் எதைப் பார்த்துப் பழகியதோ அதைத்தான் நன்றாகப் பார்க்கும். வெளிர் நிற மெத்தையில், சீரான வெளிச்சத்தில், வெளிர் நிறக் குழந்தைகளை மட்டுமே பார்த்துப் பழகிய மென்பொருளிடம், டியூப்லைட் வெளிச்சத்தில் கோரைப்பாயின் மேல் கிடக்கும் நம் கறுப்புத் தங்கத்தைக் காட்டினால் கணுக்கால் எங்கே என்றே அது தடுமாறலாம். நம் குழந்தைகளின் வீடியோ இன்னும் நிறைய அதற்குள் போக வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு சந்தேகமும் வரும். இவ்வளவு எளிது என்றால் எல்லாக் குழந்தைக்கும் ஏன் இதைச் செய்யக் கூடாது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பொதுவாக ஆயிரம் குழந்தைகளில் சுமார் 2 பேருக்குத்தான் சி.பி. வருகிறது. மேலே சொன்ன அதே திறமையோடு கம்ப்யூட்டர் அந்த ஆயிரம் பேரையும் பார்த்தால், பாதிப்பு இல்லாதவர்களில் கிட்டத்தட்ட 59 பேரை ‘ஆபத்து’ என்று சொல்லிவிடும். அந்த இருவரில் ஒருவரையோ இருவரையோ பிடிப்பதற்காக 59 வீடுகளில் தூக்கம் போகும். ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளிடம் இது பயன்படுவதும் மற்றவர்களிடம் குழப்பம் செய்வதும் இதனால்தான். உங்கள் அக்காவின் நிறைமாதக் குழந்தையையும் சேர்த்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றினால், வேண்டாம்.

கம்ப்யூட்டர் உதவி வார்டுக்குள் நுழைந்து நிரூபித்துக் காட்டிய இடம் வேறொன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் ஃபிட்ஸ் பெரும்பாலும் வெளியே தெரியாது. கை கால் இழுக்காது, மூளையின் மின் அலையில் மட்டும்தான் தெரியும். இரவு பகலாக அந்த அலையைப் பார்த்துப் படிக்க ஆள் கிடையாது. அயர்லாந்தில் கார்க் நகரத்தில் இதற்கென்று ஒரு மென்பொருள் உருவாக்கி, ஐரோப்பாவில் 4 நாடுகளில் 264 குழந்தைகளிடம் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் துணையோடு பார்த்த பிரிவில் ஃபிட்ஸ் இருந்த மணி நேரங்களில் 66 சதவீதத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள், துணை இல்லாத பிரிவில் 45 சதவீதம். இந்த வித்தியாசம் சனி, ஞாயிறுகளில் இன்னும் அதிகம். நிபுணர்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் இயந்திரம் அதிகம் கை கொடுத்திருக்கிறது. தானாக முடிவு சொல்லாமல், பக்கத்தில் நிற்கும் டாக்டரின் தோளைத் தட்டி ‘இதைப் பாருங்கள்’ என்றது. அசைவு வீடியோவிலும் கம்ப்யூட்டருக்கு நான் கொடுக்க விரும்புகிற வேலை இதுதான். நூறு வீடியோ குவிந்து கிடந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று எடுத்துக் கொடுக்கட்டும்.

ஆப் பற்றிக் கேட்டீர்கள். நார்வேக்காரர்களின் இன்-மோஷன், ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் உருவான பேபி மூவ்ஸ் இரண்டும் பெற்றோர் வீட்டிலேயே சரியான வயதில், சரியான முறையில் வீடியோ எடுத்து அனுப்புவதற்காகச் செய்தவை. பேபி மூவ்ஸில் அதைப் பார்த்து மதிப்பிடுவது பயிற்சி பெற்ற மனிதர்கள். தாயின் போனிலேயே ‘உண்டு, இல்லை’ என்று பதில் காட்டுவதற்காக அவற்றை யாரும் செய்யவில்லை. அப்படிப் பதில் தருவதாகச் சொல்லும் ஆப் எதையாவது பார்த்தால் அதில் உங்கள் குழந்தையின் வீடியோவை ஏற்றாதீர்கள். உடம்பில் பெரிதாகத் துணியில்லாத குழந்தையின் வீடியோ அது. எந்த நாட்டில், யார் கையில் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. உங்களைப் பார்க்கும் டாக்டர் கேட்டால் அவரிடம் மட்டும் கொடுங்கள்.

வீடியோவை நன்றாக எடுப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. நான் பார்த்ததில் வீடியோ சரியில்லாமல் திரும்பக் கேட்டதுதான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குழந்தை முழித்திருக்க வேண்டும், அழக் கூடாது, பசியும் இருக்கக் கூடாது. பால் குடித்த உடனே எடுத்தால் சொக்கிவிடும். இரண்டு பாலுக்கு நடுவில் எடுங்கள். விக்கல் வந்தால் நிற்கும்வரை காத்திருங்கள். தூளியிலிருந்து எடுத்த உடனேயும் வேண்டாம், கை கால் நீட்டிச் சற்று நேரம் கிடக்கட்டும். பூப்போட்ட போர்வை, கட்டம் போட்ட பாய் இல்லாமல் ஒரே நிறத் துணியைச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். டயப்பரோ மெல்லிய உள்ளாடையோ போதும். கொலுசு, கருவளையல், வசம்பு வளையல் எல்லாவற்றையும் அந்த ஐந்து நிமிடத்துக்குக் கழற்றிவிடுங்கள். துறுதுறு அசைவு அதிகம் தெரிவது மணிக்கட்டிலும் கணுக்காலிலும்தான், அதையே மூடிவிட்டால் கம்ப்யூட்டரும் பார்க்க முடியாது, நானும் பார்க்க முடியாது. அரைஞாண் இருக்கட்டும், அது ஒன்றும் செய்யாது. திருஷ்டிப் பொட்டும் இருக்கட்டும்.

அப்புறம், யாரும் குழந்தையோடு பேசக் கூடாது. இதுதான் எல்லார் வீட்டிலும் கஷ்டம். பாட்டி ‘கண்ணா, ராசா’ என்று கூப்பிடுவார், குழந்தை குரல் வந்த பக்கம் திரும்பி அப்படியே நிலைத்துப் பார்க்கும். ஒன்றை உற்றுக் கவனிக்கும்போது துறுதுறு அசைவு நின்றுவிடும், அது இயல்பு. ஓடுகிற ஃபேனும் டிவியும் இதையே செய்யும், சில குழந்தைகள் ஃபேனையே பத்து நிமிடம் பார்க்கும். இரண்டையும் நிறுத்திவிடுங்கள். கிலுகிலுப்பை, பொம்மை, ரப்பர் நிப்பிள் எதுவும் கையிலும் வாயிலும் வேண்டாம். போனைக் கையில் பிடித்தால் ஆடும், குழந்தைக்கு மேலே பிடித்தால் கை தவறி விழும் ஆபத்தும் உண்டு. கால்மாட்டில் ஒரு ஸ்டூல் வைத்து அதில் போனைச் சாய்த்து நன்றாகக் கட்டுங்கள். தலை முதல் கால் விரல்வரை படத்துக்குள் இருக்க வேண்டும், முகமும் தெரிய வேண்டும். 3-லிருந்து 5 நிமிடம் வெட்டாமல் ஒரே வீடியோ. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி விரல் அசைவு மங்கிவிடும். டாகுமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது போனோடு நேரில் போய்க் காட்டுங்கள். திருத்திய வயது 12 வாரத்தில் ஒன்று, 14 வாரத்தில் ஒன்று என்று இரண்டு எடுத்து வைத்தால், ஒரு நாள் குழந்தை சோர்ந்திருந்தாலும் இன்னொன்று கை கொடுக்கும்.

பதில் எப்படி வந்தாலும் அது தனியாக நிற்காது. 2017-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரையில், திருத்திய வயதில் ஐந்து மாதத்துக்குள் சி.பி.-யைக் கணிக்க அசைவு வீடியோவோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் ஹேமர்ஸ்மித் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். ஹேமர்ஸ்மித் என்பது லண்டனில் அந்தப் பெயருள்ள மருத்துவமனையில் உருவானது. குழந்தையைக் கையில் எடுத்து 26 விஷயங்களைப் பார்த்து மொத்தம் 78-க்கு மதிப்பெண் போடுவது, பத்து நிமிட வேலை. உங்கள் மகனுக்கு ரத்தக்கசிவு இருந்ததால் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்தப் பக்கம், எந்த அளவு என்று எழுதியிருக்கும். அதை வீடியோ பார்ப்பவரிடம் கட்டாயம் காட்டுங்கள். கண்ணும் காதும் வீடியோவில் தெரியாது. குறைமாதக் குழந்தைகளுக்கான விழித்திரைப் பரிசோதனையும் செவித்திறன் பரிசோதனையும் முடிந்துவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள், முடியவில்லை என்றால் நாளைக்கே கேளுங்கள். அதற்கு இந்த 9 வாரக் காத்திருப்பு பொருந்தாது.

அசைவு இல்லை என்று வந்தால், ‘உறுதியாகட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்று ஒரு நாளும் தள்ளாதீர்கள். பயிற்சியை உடனே தொடங்கிவிடலாம். குழந்தை தானாகச் செய்ய விரும்புகிற ஒன்றை எடுத்து, அதை வீட்டிலேயே விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதுதான் அது. வலிக்காது, செலவில்லை, பின்னால் சி.பி. இல்லை என்று தெரிந்தாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன, அங்கே ஃபிசியோதெரபிஸ்ட் இருப்பார், கட்டணம் கிடையாது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கர்ப்பகால அட்டையை எடுத்துப் பிரசவத் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 12 வாரம் எண்ணி நாள்காட்டியில் வட்டம் போடுங்கள், இரண்டு வாரம் தள்ளி இன்னொரு வட்டம். அட்டையின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.